பாப்பாவுக்கு, ஸ்லோ குக்கரோடு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்டது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "சீரியல்ப்பா" என்றாய், பாலில் போட்டுச் சாப்பிடும் அந்தக் காலைப் பலகாரம். அங்கே மணி ராத்திரி எட்டரை. முந்தின வாரமும் அதே சத்தம் கேட்டது, அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. போனை வைத்த பிறகு அம்மா ஒன்றும் பேசாமல் சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டாள். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் கடையில் வண்டியை நிறுத்தி உனக்கு ஒரு ஸ்லோ குக்கர், மெதுவான சூட்டில் மணிக்கணக்காகத் தானே சமைக்கும் மின்சாரப் பானை, வாங்கிவிட்டேன். பார்சல் வியாழக்கிழமை வந்து சேரும்.

உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, மாலை ஆறரைக்கு அந்த மினியாபொலிஸ் குளிரில் பஸ்ஸை விட்டு இறங்கி, விரல் விறைத்துப்போய் வீட்டுக்குள் வருகிறவளுக்கு வெங்காயம் நறுக்க மனம் வராது. எனக்கு அது தெரியும். அதனால் மாலையில் பெரிதாகச் சமைக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. காலையில் பத்து நிமிடம் மட்டும் கொடு, போதும்.

நம்முடைய நியூஜெர்சி எடிசன் வீட்டுச் சிக்கன் பாஸ்தாவைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். உனக்கு அது பிடிக்கும் என்பதால் மட்டும் இல்லை. நம் வீட்டுக்கு முதல் ஸ்லோ குக்கர் வந்ததே உன்னால்தான். நீ அப்போது ஆறாம் வகுப்பு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை டியூட்டி. நான் குடோனிலிருந்து வர ஆறு மணி ஆகிவிடும். நீ மூன்றரைக்கே ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்கி, பையில் கட்டியிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போவாய். பதினோரு வயதுப் பிள்ளை ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிறதே என்ற நினைப்பு எனக்குத் தினமும் மூன்றரை மணிக்கு வரும். கையில் வேலை ஓடாது. நீ கதவைத் திறக்கும்போது வீட்டுக்குள் ஒரு வாசமாவது இருக்கட்டும் என்றுதான் அதை வாங்கினேன். ராத்திரிச் சாப்பாடு தயாராக இருந்தது அப்புறம் கிடைத்த லாபம்.

முதல் தடவை நான் செய்தது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. சிக்கன், தக்காளி, சீஸ், பாஸ்தா என்று எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எட்டு மணி நேரம் ஊறிய பாஸ்தா களியாகிவிட்டது, சீஸ் திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டாய். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அடுத்த இரண்டு மாதம் விடாமல் செய்து பார்த்து, எதை எப்போது போட வேண்டும் என்று ஒரு முறைக்குக் கொண்டுவந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான். எலும்போடு இருக்கும் சிக்கன் தொடைத் துண்டுகள் ஆறு, இரண்டு பவுண்டுக்குச் சற்று மேலே வரும். 28 அவுன்ஸ் நொறுக்கிய தக்காளி கேன் ஒன்று. பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஆறேழு பல், காய்ந்த ஆரிகனோ, மிளகாய்ச் செதில், க்ரீம் சீஸ் ஒரு கட்டி, பென்னே பாஸ்தா ஒரு பாக்கெட். சோம்பு வாங்காதே, பார்சலுக்குள் வைத்திருக்கிறேன். சோம்பு எதற்கு என்று கேட்பாய். இத்தாலியச் சாசேஜில் போடுவதும் அதே சோம்புதான், சிவகங்கைப் பக்கம் நம் அப்பத்தா கறிக்குழம்புக்கு அரைத்ததும் அதே சோம்புதான். அது பூண்டோடும் தக்காளியோடும் சேர்ந்து வேகும்போது, டியூட்டி முடிந்து வரும் அம்மா வாசலிலேயே நின்று "என்ன, கறிக்குழம்பா?" என்று கேட்டது எத்தனையோ நாள்.

நெஞ்சுக்கறி வாங்காதே. கொழுப்பில்லை, உடம்புக்கு நல்லது என்று நீ சொல்வாய், சரிதான். ஆனால் அது மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். நீயோ பத்து மணி நேரம் கழித்துத்தான் வீடு வருகிறாய். அதற்குள் பஞ்சு போல, நார் நாராக வறண்டுபோகும். தொடைக்கறியில் தசையைப் பிணைக்கும் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு மெதுவான சூட்டில் மணிக்கணக்காக இருந்தால்தான் உருகி, குழம்புக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கும். நேரம் கூடினால் நெஞ்சுக்கறி கெடும், தொடைக்கறி இளகும். தோலை மட்டும் உரித்துவிடு, இந்தச் சூட்டில் அது ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

ராத்திரி படுப்பதற்கு முன் வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்கி ஒரு டப்பாவில் வை. சிக்கனைத் தனி டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. ஃப்ரீசரில் இருந்ததானால் முந்தின நாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடு. உறைந்த சிக்கனை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது, பாப்பா. இந்தப் பானை மெதுவாகத்தான் சூடேறும். 40 டிகிரிக்கும் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். உறைந்த கறி அந்த இடைவெளியைத் தாண்ட மணிக்கணக்காகும். அதே காரணத்துக்காக, சிக்கனைப் போட்டு வைத்துவிட்டு மத்தியானம் தானாக ஆரம்பிக்கும்படி டைமர் பிளக் மாட்டும் யோசனையும் வேண்டாம். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கறி அலசுகிறவன்தான். கழுவும்போது தெறிக்கும் தண்ணீர்தான் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்புகிறது என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டேன். பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தால் போதும். அம்மா இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவளிடம் இதைப் பேசாதே.

காலையில் வெங்காயம், பூண்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய், அரை ஸ்பூன் சோம்பு எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் வை. நீ பல் துலக்கி முடிப்பதற்குள் ஆகிவிடும். பச்சை வெங்காயத்தை அப்படியே போட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் ஒரு காரல் நிற்கும். இதை அடியில் பரப்பி, மேலே சிக்கனை அடுக்கி, உப்பு, மிளகாய்ச் செதில், ஆரிகனோ தூவி, தக்காளியை ஊற்று. தண்ணீர் ஊற்றாதே. பார்த்தால் குறைவாகத்தான் தெரியும், கை பரபரக்கும், ஆனாலும் ஊற்றாதே. மூடிக்குள் ஆவி முட்டித் திரும்பத் திரும்ப உள்ளேயே சொட்டும், சிக்கனும் தன் பங்குக்கு நீர் விடும். மாலையில் திறந்தால் குழம்பு பதமாக இருக்கும். 'லோ'வில் ஏழு மணி நேரம் வைத்துவிட்டுப் போ. நேரம் முடிந்ததும் அது தானாக 'வார்ம்' நிலைக்குப் போய்விடும். உனக்கு வாங்கியதில் அந்த வசதி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினேன். 'ஹை'யில் வைத்தால் சூடு அதிகம் என்று நினைக்காதே. இரண்டும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் வரும், 'ஹை' சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

நம் வீட்டில் இருப்பது ஆறு குவார்ட்டு, உனக்கு வாங்கியது நான்கு (ஒரு குவார்ட்டு ஏறக்குறைய ஒரு லிட்டர்). ஒரு ஆளுக்குப் பெரிய பானை ஆகாது. பானையில் பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குள் நிரம்பியிருந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். அரைகுறையாக இருந்தால் ஓரம் தீய்ந்துபோகும்.

வீட்டில் ஆளில்லாமல் ஒரு சாமான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று உனக்குப் பயம் வரலாம், எனக்கும் வந்தது. அது இழுப்பது பழைய குண்டு பல்பு இரண்டு மூன்று எரிகிற அளவு மின்சாரம்தான். சுவரிலிருந்து தள்ளி, கல் மேடையில் வை. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதே, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டு. கீழே பேப்பர், துணி எதுவும் கிடக்கக் கூடாது.

இந்தப் பானையின் கதை உனக்குத் தெரியுமா? இர்விங் நாக்ஸன் என்று சிகாகோவில் ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா லிதுவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். யூதர்களின் ஓய்வு நாளில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸும் கறியும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய், அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவார்களாம். மறுநாள் வரை அது மெதுவாக வெந்துகொண்டே இருக்கும். அந்தச் சாப்பாட்டுக்குச் சோலண்ட் என்று பெயர். தன் அம்மா சொன்ன அந்தக் கதையை மனதில் வைத்துத்தான் நாக்ஸன் மின்சாரப் பானை ஒன்றைச் செய்து 1940இல் காப்புரிமை வாங்கினார். 1970இல் அவருடைய கம்பெனியை ரைவல் நிறுவனம் வாங்கி, அடுத்த வருஷம் கிராக்பாட் என்று பெயர் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் வரட்டித் தணல்தான் கண்ணில் வந்தது. காலையில் பால்சட்டியைத் தணல்மேல் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். பொழுது சாய வரும்போது பால் செந்நிறமாகக் காய்ந்து, மேலே விரல் கனத்துக்கு ஆடை கட்டியிருக்கும். யாரும் கிண்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. சூடு மட்டும் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டது.

சரி, மாலைக்கு வருகிறேன். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே க்ரீம் சீஸ் பாதிக் கட்டியை, நாலு அவுன்ஸ், துண்டுகளாக வெட்டி உள்ளே போட்டு மூடி, 'ஹை'க்கு மாற்று. காலையிலேயே போட்டால் திரியும், கடைசி அரை மணியில் போட்டால் வழுவழுவென்று கரையும். அந்த அரை மணியில் முகம் கழுவி, உடை மாற்று. பாஸ்தாவைத் தனியாக அடுப்பில் கொதிக்க வை. பானைக்குள்ளேயே கடைசியில் பாஸ்தாவைப் போட்டும் செய்யலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பாஸ்தாவுக்குத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் வேண்டும், இந்தப் பானையில் அந்தக் கொதி வராது. மாவு கரைந்து பிசுபிசுப்பாகும். உனக்குத் தேவை அன்றைக்கு ஒரு தட்டுக்கு மட்டும்தானே, மூன்றரை அவுன்ஸ் பென்னே போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே வடித்துவிடு. வடித்த தண்ணீரில் அரைக் கப் எடுத்து வை. சிக்கனை இடுக்கியால் எடுத்து எலும்பை நீக்கி, முள்கரண்டியால் பிரித்து மறுபடி குழம்பில் போட்டு, கெட்டியாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கிளறு. தட்டில் பாஸ்தாவைப் போட்டு மேலே குழம்பை ஊற்றிக்கொள்.

மீதிக் குழம்பைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, சாப்பிட்ட கையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. மூன்று நாள் தாராளமாக வரும், ஒரு நாள் சோற்றுக்கும் ஊற்றிக்கொள்ளலாம். திரும்பச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதே, அடுப்பிலோ மைக்ரோவேவிலோ கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கு. இன்னொன்று, ராஜ்மா செய்ய ஆசைப்பட்டால் முதலில் எனக்குப் போன் பண்ணு. அதை ஊறவைத்து, அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் இதில் போட வேண்டும். நேராகப் போட்டால் அதில் இருக்கும் நஞ்சு போகாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

பார்சல் வந்ததும் மூடி உடைந்திருக்கிறதா என்று பார். அம்மா தன்னுடைய மஞ்சள் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறாள், அந்தத் துண்டை நீயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். பானையைக் கழுவி, நீ வீட்டில் இருக்கும்போது வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஓடவிடு, புது வாடை போய்விடும். முதல் தடவை சனிக்கிழமை செய். காலையிலேயே வைத்துவிட்டு வெளியே ஒரு நடை போய்விட்டு வா. வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீ திறந்து திறந்து பார்ப்பாய், ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கிக் கால் மணி, அரை மணி பின்னுக்குப் போகும்.

சனிக்கிழமை அம்மாவுக்கு டியூட்டி ஏழு மணிக்கு முடிகிறது, வீடு வர ஏழேமுக்கால் ஆகும். உனக்கு அப்போது ஆறேமுக்கால். அதுவரை மூடியைத் திறக்காமல் இரு, தாயீ. வீடியோ கால் போட்டுவிட்டு அப்புறம் திற. அம்மா பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா