உமித் தரைக்கும் மானியம் வேண்டும்: கோழி வளர்ப்புத் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் மானியத்தில் கோழி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் எழுதுகிறேன். கம்பி வலைத் தரைக்கே பணம், உமி பரப்பிய தரைக்குக் கிடையாது என்ற விதியையும், அது குறித்து நாங்கள் கொடுத்த மனுக்களையும் தாங்கள் அறிவீர்கள். ஒன்றையொன்று கொத்தியதால் முதுகில் இறகிழந்து இரத்தம் கசிய நின்ற கோழிகளைப் பார்வையிட வந்தவர், அலகை வெட்டிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிச் சென்றதால் இம்மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

கொத்துப்பட்டவை பெரும்பாலும் நிறக்கோழிகள். அதே கொட்டகையில் வெள்ளைக் கோழிகள் ஏறக்குறைய முழு இறகோடு நிற்கின்றன. பிமெல்17 என்ற மரபணுவில் காட்டுக்கோழி நிறத்தைத் தரும் வடிவம் கொண்ட கோழிகளே, வெள்ளை நிறம் தரும் வடிவம் கொண்டவற்றைவிட அதிகமாகக் கொத்தப்படுகின்றன என்று 2004-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்திருக்கிறது. பெங்களூரின் ஹெப்பாளில் உருவான கிரிராஜா என்ற நிறக்கோழி இனத்துக்குப் புறக்கடையில் பருந்தின் கண்ணிலிருந்து மறைய உதவும் நிறம், கம்பித் தரையில் அதற்கே பகையாகிறது.

இறகு கொத்துவது சண்டை அன்று. மண்ணைக் கிளறி இரை தேடவேண்டிய அலகு, கிளற ஒன்றும் இல்லாதபோது பக்கத்துக் கோழியின் முதுகுக்குத் திரும்புகிறது. கம்பிமேல் படுத்து, இல்லாத புழுதியை இறக்கைக்குள் வாரிப்போட முயலும் கோழியை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். பார்த்துப் பழகிவிட முடியவில்லை. இறகிழந்த கோழி, மார்கழிக் குளிரில் தின்ற தீவனத்தை உடற்சூட்டுக்கே செலவிடுவதால் எடை ஏறுவதில்லை. கனத்த கோழிகளுக்கு மார்புக் கொப்புளமும் பாதப்புண்ணும் சேர்கின்றன. ஆகவே கேட்கிறோம்: உமித் தரைக்கும் மானியம் தாருங்கள்.

உமியில் இரத்தக்கழிச்சல் வரும் என்பீர்கள். ஈரம் தங்கினால் வரும், உண்மை. நாள்தோறும் கிளறிவிட்டு, நனைந்ததை அள்ளி, சுண்ணாம்பு தூவி உலர்வாக வைத்திருக்கும் உழைப்புக்கு நாங்கள் அஞ்சவில்லை. நரம்போடும் அலகை வெட்டி, உயிருள்ள ஒன்றை விதிக்குள் அடக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. எங்கள் கொட்டகைகளுக்குள் ஒரு பகல் நின்று பார்த்தவர் எவரும் இவ்விதியை எழுதியிருக்க மாட்டார்.

அடுத்த குஞ்சு ஒதுக்கீட்டுக்கு முன், உமித் தரைக்கும் மானியம் உண்டு என்று எழுத்து மூலம் ஆணையிடுமாறும், அதுவரை நிறக்குஞ்சுகளையும் வெள்ளைக்குஞ்சுகளையும் கலக்காமல் தனித்தனியே வழங்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆனேக்கல் பகுதிக் கோழி வளர்ப்போரில் ஒருவர்