புறாமலைக்கு ஒரு நாள்: தரம் 1, 2 பெற்றோருக்கு அதிபரின் மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த முறை தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சுற்றுலா இல்லை. பஸ் பிடித்து, வரிசையில் நிறுத்தி, தலை எண்ணுவதிலேயே பொழுது போய்விடுகிறது. அதற்குப் பதிலாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள், அம்மாவோ அப்பாவோ ஒருவர், அந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு புறாமலைக்குப் போய் வாருங்கள். அன்றைக்கு ரியூசன் வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் வருடங்கள் கிடக்கின்றன.

திருகோணமலை நிலாவெளிக் கரையில் நின்றாலே தெரிகிற தீவு அது. வெளிநாட்டார் விமானமேறி வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் அங்கே கால் வைத்ததில்லை. 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. நுழைவுச்சீட்டைக் கரையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலையிலேயே படகு ஏறுங்கள். காற்று எழும்பினால் ஆட்டத்தில் சின்னதுகள் பயந்துவிடும். வாடை பிறந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம், அப்போது கடல் விடாது. படகில் ஏறும் முன்பே பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி போட்டு, வார் இறுகியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் அளவுக்கு அங்கி இல்லாவிட்டால் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

தீவுக்கு அந்தப் பெயர் வந்ததே மாடப்புறாக்களால்தான். நம் நாட்டில் காட்டு மாடப்புறா கூடு கட்டும் இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. பாறை இடுக்குகளை அண்ணாந்து பார்த்தால் தெரியும். பகலில் முட்டையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆண் புறா. குஞ்சு பொரித்த பிறகு தொண்டைப் பையில் ஊறும் பாலைத் தாயும் ஊட்டும், தகப்பனும் ஊட்டும். முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட மட்டும் பாடசாலைப் பக்கம் வருகிற அப்பாமார் இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கரையில் கிடப்பது வெறும் மணல் அல்ல, உடைந்த முருகைக்கல்லும்தான், அதாவது கடலுக்குள் உயிரோடு வளரும் பவளப்பாறையின் துண்டுகள். வெறுங்காலில் குத்தும், செருப்புப் போடுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் கொட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதிலுள்ள வெள்ளை மணலில் ஒரு பங்கு, கிளிமீன் முருகைக்கல்லைக் கடித்து அரைத்துக் கழித்தது. மீன் கழித்ததில்தான் நாம் நிற்கிறோம் என்றால் ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பாடத்தை மறக்காது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் நாங்கள் ஒரு தவணை கத்தினாலும் இது நடக்காது.

ஆழமில்லாத தண்ணீரில் செட்டை நுனி கறுத்த சுறாக்கள் சில வேளை தென்படும். அவை ஆளைத் தேடி வருகிறவை அல்ல. விரட்டாமல் நின்று பார்த்தால் போதும். பிள்ளை முழங்கால் தண்ணீரைத் தாண்ட வேண்டாம், உங்கள் கை எட்டும் தூரத்திலேயே நிற்கட்டும்.

1998 இல் கடல் சூடேறித் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது இங்குள்ளவை பெருமளவுக்குத் தப்பின. அப்படித் தப்பியதைக் காலால் மிதித்து உடைப்பவர்களை இப்போதும் காண்கிறோம். உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய விசயம். ஒரு மிதியில் போவது பிள்ளையின் வயதை விட மூத்தது.

சிப்பி, சோகி எதையும் பொறுக்கி வர வேண்டாம். "ஒன்றே ஒன்று" என்று பிள்ளை கெஞ்சும். வெறும் சங்குக்குள் குடிபுகுந்து நடக்கும் நண்டைத் தேடிக் காட்டுங்கள். அசையாமல் குந்தியிருந்தால், முதலில் கொடுக்கு, பிறகு கண்காம்பு, பிறகு கால்கள் வெளியே வரும். நண்டு வளர வளர அதற்குப் பெரிய சங்கு வேண்டும். நாம் அள்ளிக்கொண்டு போனால் அது எங்கே போகும் என்று பிள்ளையே கேட்கும். அந்த நண்டிடம் அரை மணித்தியாலம் போனால் போகட்டும். "வா, அங்கால இன்னும் இருக்கு" என்று இழுக்காதீர்கள். கைபேசியும் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

சாப்பாடும் குடிதண்ணீரும் வீட்டிலிருந்தே எடுங்கள், பொலித்தீனில் கட்டாமல் பெட்டியில். தொப்பி, மாற்றுடுப்பு, துவாய் மறக்க வேண்டாம்.

படகுச் செலவு கைக்கு மிஞ்சியது என்றால் சங்கடப்பட வேண்டாம். திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசர் கோயில் வீதியில் புள்ளிமான்கள் திரிகின்றன, அதற்குக் காசு இல்லை. அவை பொலித்தீனைத் தின்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றியும் பிள்ளையோடு பேசலாம்.

போய் வந்த பிறகு கட்டுரை, படம், ஒட்டுப் புத்தகம் எதுவும் கேட்க மாட்டோம். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். நீங்களும் எழுதிக்கொடுத்து அனுப்பாதீர்கள். மூன்றாம் தவணையின் முதல் வாரத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, விரும்பியவர்கள் பேசட்டும் என்று விடுவோம்.

ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோரும், துணைக்கு இன்னொரு குடும்பம் தேவைப்படுவோரும் விடுமுறைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ஒரே கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம், படகுக் கூலியும் பங்காகும்.

இப்படிக்கு,
அதிபர்