கணக்கில் வராத மணி நேரங்கள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. பதில் போடாததற்கு முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். எழுதுவது கைதானே, முழங்கால் இல்லையே என்று நீ கேட்பாய். உண்மையில், நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. ‘கோடிக்கணக்கில் சொத்து வைத்திருக்கும் அரசியல்வாதிக்கு, தான் போடும் செலவு வெட்டு எங்கே போய் விழுகிறது என்று தெரியுமா, தெரியாதா? நீ நிதிப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், நீயே சொல்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘தெரியாது’ என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். கல்லூரி நாளிலிருந்து உன் வழக்கம் மாறவில்லை.

உன் தீர்ப்பில் பாதி எனக்குச் சம்மதம். அந்தப் பாதிக்கு முதலில் வருகிறேன்.

பிரிட்டனில் டேவிட் கேமரூன் பிரதமராக இருந்தது உனக்கு நினைவிருக்கும். வசதியான குடும்பம், ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு. 2010இல் பதவிக்கு வந்ததும் அவருடைய அரசு சிக்கன நடவடிக்கை என்று தொடங்கியது. உள்ளாட்சி மன்றங்களுக்குப் போகும் மானியத்தில்தான் பெரிய கத்தி விழுந்தது. ஏழெட்டு ஆண்டுகளில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், அந்த மானியம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இதில் வேடிக்கை 2015இல் நடந்தது. கேமரூனின் தொகுதி இருந்த ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்ட மன்றம், முதியோருக்கான பகல் நேர மையங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றில் கை வைக்கப் போவதாக அறிவித்தது. உடனே கேமரூன் அந்த மன்றத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்களுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் சேவைகளில் வெட்டுவது தனக்கு ஏமாற்றமளிக்கிறது, அலுவலக நிர்வாகச் செலவைக் குறைத்துச் சமாளிக்கக் கூடாதா, அரசு மானியம் குறைந்தது கொஞ்சம்தானே என்று.

கடிதம் பத்திரிகைக்குக் கசிந்தது. மன்றத் தலைவர் இயான் ஹட்ஸ்பெத் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, கேமரூனின் சொந்தக் கட்சிக்காரர். அவர் கொடுத்த பதிலைப் படித்தபோது, எழுந்து கை கொடுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. நிர்வாகச் செலவை எப்போதோ குறைத்தாகிவிட்டது. கட்டடங்களை விற்றால் வரும் பணம் ஒரு முறை வருவது, அதை வைத்து ஆண்டுதோறும் வரும் செலவை நடத்த முடியாது. நீங்கள் ‘கொஞ்சம்’ என்று சொல்லும் குறைவு 7.2 கோடி பவுண்டு, அதாவது 37 விழுக்காடு. பிரதமருக்கு ஒரு மாவட்டத் தலைவர் கணக்குப் பாடம் எடுத்தார். சில மாதம் கழித்து, அதே மாவட்டத்தில் குழந்தைகள் மையங்களை மூடக்கூடாது என்று கோரும் மனுவில் கேமரூனின் தாயாரே கையெழுத்துப் போட்டார்.

இதை நீ நடிப்பு என்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறார் என்றுதான் படுகிறது. தலைநகரில் தான் போட்ட கையெழுத்தும், தன் ஊர் முதியோர் மையத்தின் பூட்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. புரியாமல் வருத்தப்படுபவரிடம் எங்கே போய் முறையிடுவது?

அந்தக் கயிறு எப்படி ஓடுகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் நடுவில் ஒரு முடிச்சாக நானே உட்கார்ந்திருந்தேன். பட்ஜெட்டில் ஐந்து விழுக்காடு குறைப்பு என்று மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். கேட்டால் சின்ன எண். ஆனால் ஒரு துறையின் செலவில் நூற்றுக்கு எண்பது, தொட முடியாதது என்று வைத்துக்கொள். சம்பளம், ஓய்வூதியம், பழைய கடனுக்கு வட்டி, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தம். மிச்சமிருக்கும் இருபதில்தான் அந்த ஐந்தையும் எடுத்தாக வேண்டும். ஆக, மேலே ஐந்து விழுக்காடு என்று புறப்பட்டது, கீழே வந்து சேரும்போது நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்த இருபதில் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்? பழுது பார்ப்பது, மருந்து, புத்தகம், எரிபொருள், பயணப்படி, காலிப் பணியிடத்துக்கு ஆள் எடுப்பது. கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அரசு என்று கையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த இருபதுதான். அறிக்கை வாசிக்கிறவர் ஐந்து என்றுதான் வாசிப்பார். பொய்யும் இல்லை.

இனி, இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று. பணியில் சேர்ந்து ஆறாவதோ ஏழாவதோ வருடம். அப்படி ஒரு சுற்றறிக்கை என் மேசைக்கு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பிரசவித்த பெண்களையும் கைக்குழந்தைகளையும் பார்க்கும் செவிலியர்களுக்கு ஒரு சிறு பயணப்படி இருந்தது. தொகை அற்பம், ஆனால் ஆட்கள் நிறைய, கூட்டினால் கணிசமாக வந்தது. சம்பளம் இல்லை என்பதால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கோப்பு மேலே போய், மையில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. நல்ல யோசனை என்று மேலதிகாரி பாராட்டினார். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்துத் தணிக்கைக் குழுவோடு ஒரு சிறு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நான் பார்க்கப் போனது மருந்து இருப்பு. பக்கத்தில் கிடந்த வீட்டு வருகைப் பதிவேட்டைச் சும்மா புரட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி, போன தேதிகள் கட்டம் கட்டமாக. என் கோடு அமலான மாதத்திலிருந்து முதல் மூன்று மாதம் எதுவும் மாறவில்லை. நாலாவது மாதத்திலிருந்து சில வரிகளில் கட்டங்கள் வெறுமையாகத் தொடங்கியிருந்தன. வாரம் ஒரு முறை என்று இருந்தது மாதம் ஒரு முறை என்று ஆகியிருந்தது. சில வரிகளில் அதுவும் இல்லை.

அந்தச் செவிலியருக்கு நாற்பது வயதிருக்கும். என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே பேசினார். முதல் மூன்று மாதம் கைக்காசு போட்டு பஸ்ஸில் போனாராம். பிறகு கட்டுப்படியாகவில்லை. நடக்கக்கூடிய வீடுகளுக்கு நடந்து போனார். தூரத்து வீடுகளை மாதத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கி, அந்த ஒரு நாளில், குழந்தையை எடை பார்க்கும் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சுற்றி வந்தார். ‘தூரத்தில் இருக்கிறவர்கள்தான் சார் ரொம்ப இல்லாதவர்கள்’ என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். அந்தக் கோடு என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மருந்து இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சண்முகம், நான் பணக்காரன் இல்லை. வாடகை வீட்டில் வளர்ந்தவன், அது உனக்கே தெரியும். அந்த வெட்டு எனக்கும் புரியவில்லையே! புரியாமல் போவதற்குச் சொத்து தேவையில்லை, ஒரு மேசையும் கொஞ்சம் தூரமும் போதும். பணம் அந்தத் தூரத்தை நிரந்தரமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். நூலகத்தை மூடினால் பணக்காரன் புத்தகம் வாங்கிக்கொள்வான், மருத்துவமனையில் வரிசை நீண்டால் வேறு மருத்துவமனைக்குப் போவான். வெட்டின் விளைவை ஒருநாளும் தன் உடம்பில் சந்திக்க வேண்டியதில்லை.

அந்தப் பதிவேட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. வெட்டிய செலவு பெரும்பாலும் மறைந்து போவதில்லை, பணமாக இருந்தது வேறொருவரின் நேரமாக மாறிவிடுகிறது. நாங்கள் மிச்சம் பிடித்ததாகக் காட்டிய தொகை, அந்தப் பெண் நடந்த மணி நேரங்கள்தான். ஒரு கவுன்டரை மூடினால் மிச்சமாவது ஒரு ஊழியரின் சம்பளம். மற்ற கவுன்டரில் நிற்பவர்கள் கூடுதலாக நிற்கும் நேரத்தை யாரும் கூட்டுவதில்லை. பட்ஜெட் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி கிடையாது. வரிசையில் நின்றே பழக்கமில்லாதவருக்கு அப்படி ஒரு பத்தி வேண்டும் என்ற நினைப்பே வராது.

2025 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹோவர்டு லட்னிக் பேசியதைப் படித்திருப்பாய். கோடிக்கணக்கான டாலருக்கு அதிபதி. அங்கே முதியோர் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். ஒரு மாதத் தொகை வராமல் போனால் தன் 94 வயது மாமியார் போன் போட்டுப் புகார் சொல்ல மாட்டார், அடுத்த மாதம் வரும் என்று இருந்துவிடுவார், பெரிதாகச் சத்தம் போடுபவர்கள் மோசடிக்காரர்கள்தான் என்ற பாணியில் பேசினார். மாமியாரைப் பற்றி அவர் சொன்னது நிஜமாகத்தான் இருக்கும். மருமகன் லட்னிக்காக இருந்தால் நானும்தான் சத்தம் போட மாட்டேன்.

சரி, உன் தீர்ப்பில் எனக்குச் சம்மதமில்லாத மறுபாதி. ஏழை வீட்டுப் பிள்ளைகளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் தீர்ந்தது என்கிறாய். 1931இல் பிரிட்டனின் நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன், யார்க்ஷயர் நெசவாளியின் மகன். பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, ஸ்காட்லாந்தில் பண்ணை வேலைக்காரர் ஒருவருக்கு மணமாகாத தாயிடம் பிறந்தவர். இரண்டு பேரும் தொழிற்கட்சி. இவர்களைவிட வறுமை தெரிந்தவர்களை எங்கே தேடுவாய்? வேலையில்லாதோர் உதவித்தொகையில் பத்து விழுக்காடு வெட்டு என்று நின்றவர்கள் இவர்கள்தான். அதை ஏற்காமல் சொந்த அமைச்சரவையே உடைந்தது. தேசிய அரசு என்று புதிதாக ஒன்று அமைத்துக்கொண்டு வெட்டை நிறைவேற்றினார்கள். ஸ்னோடனுக்கு ஏழ்மை மறந்துபோயிருக்காது. வரவும் செலவும் சரியாக நிற்க வேண்டும் என்ற ஒரு நம்பிக்கை, ஏழ்மையைவிட ஆழமாக அவருக்குள் இறங்கியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் கடற்படைக்கும் சம்பள வெட்டு. பொதுவாகப் பத்து விழுக்காடு என்று பேச்சு, ஆனால் பழைய சம்பள விகிதத்தில் இருந்த அடிமட்ட மாலுமிகளுக்கு நாளொன்றுக்கு நாலு ஷில்லிங் என்பது மூன்றாகக் குறைந்தது. காற்பங்கு போயிற்று. அதைப் பலர் பத்திரிகையிலும் வானொலியிலும்தான் தெரிந்துகொண்டார்கள். ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் அருகே நின்றிருந்த கப்பல்களில் ஆயிரக்கணக்கான மாலுமிகள் நங்கூரம் தூக்க மறுத்துவிட்டார்கள். சேதி பரவியதும் பங்குச் சந்தை ஆடியது. ஒரு வாரத்துக்குள் பிரிட்டன், பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த முறையையே கைவிட்டது. தங்கத்தைக் காப்பாற்றத்தான் அத்தனை வெட்டும்! மாலுமிகளின் வெட்டும் பத்து விழுக்காட்டோடு நிறுத்தப்பட்டது. அவர்கள் கையில் கப்பல் இருந்தது, கேட்டார்கள். என் செவிலியரின் தோளில் தராசு மட்டும்தான் இருந்தது.

அனுபவம் கொடுத்துப் பார்க்கலாமே என்றும் சிலர் முயன்றிருக்கிறார்கள். 1984இல் மேத்யூ பாரிஸ் என்ற பழமைவாதக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், தொலைக்காட்சிக்காக நியூகாசிலில் 26.80 பவுண்டு உதவித்தொகையில் ஒரு வாரம் வாழ்ந்து காட்டக் கிளம்பினார். வாரம் முடியும் முன்பே மின்சார மீட்டருக்குப் போடக் காசில்லாமல் போயிற்று. நல்ல பாடம்தான். ஆனால் ஒரு வாரம் என்பது வேறு, அடுத்த வாரமும் இப்படித்தான் என்று தெரிந்திருப்பது வேறு. 2013இல் அமைச்சர் இயான் டங்கன் ஸ்மித், வாரம் 53 பவுண்டில் வாழ முடியுமா என்று வானொலியில் கேட்டதற்கு, வேண்டியிருந்தால் வாழ்வேன் என்றார். அப்படியே செய்து காட்டுங்கள் என்று நாலு லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் வேலையில்லாமல் இருந்தவர்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையில் வெட்டு வந்தபோது, இதற்கு மேல் முடியாது என்று ராஜினாமா செய்ததும் அதே மனிதர். ஆளை ஒரு பெட்டியில் போட்டு மூடுவது எனக்குக் கைவரவில்லை.

உன் கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்குப் புரிகிறதா என்ற கேள்வியை நான் கேட்பதையே விட்டு வெகுநாளாகிறது. வெட்டு யாருடைய எத்தனை மணி நேரமாக மாறுகிறது என்று யாராவது எழுதி மேசையில் வைத்தார்களா என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

அதனால்தான் நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த நூலக விஷயம் எனக்குப் பிடித்தது. வாரம் ஆறு நாள் திறந்திருந்தது மூன்று நாளாகிவிட்டது, மனு எழுதப் போகிறேன் என்கிறாய். அதில் அறிவு, பண்பாடு, எதிர்காலத் தலைமுறை என்றெல்லாம் எழுதாதே. கோப்பில் அந்த வார்த்தைகளை நான் ஆயிரம் முறை தாண்டிப் போயிருக்கிறேன், கண் நிற்காது. மூடியிருக்கும் மூன்று நாளும் மாலை நாலு மணியிலிருந்து வாசலில் போய் உட்கார். வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்களை எண்ணு. எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுது. தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளை, விண்ணப்பம் நிரப்பக் கணினி தேடி வந்தவர், வீட்டில் பேச ஆளில்லாமல் வந்த பெரியவர், எல்லோரும் வருவார்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும்.

உனக்கு வாசலில் உட்காருவதில் சிரமம் இருக்காது, படிக்கிற காலத்திலேயே வகுப்பைவிட வாசலில்தான் அதிகம் உட்கார்ந்திருப்பாய். நோட்டை எனக்கு அனுப்பு. கூட்டல் போட்டு, மேலே போகிற கோப்பில் கண் எங்கே நிற்குமோ அந்த இடத்தில் வைத்து மனுவை எழுதித் தருகிறேன். பென்சிலில் அல்ல.

முழங்காலுக்கு மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் நலம். உன் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை எப்போது என்று நீ எழுதவே இல்லை. தேதியை எழுது, நானும் வந்து கூட இருக்கிறேன்.

உன்,
கணேசன்