ஏஜென்ட் தடுமாறினால் கருவி விளக்கத்தையும் படித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதருக்குப் பதிலாக உலாவியைத் திறந்து, படிவம் நிரப்பி, பொத்தானை அழுத்தும் ஏஐ ஏஜென்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, அவை செய்யும் பிழைகள் அனைத்தையும், அவற்றின் மூளையாக இயங்கும் மொழி மாதிரியின் கணக்கிலேயே எழுதிவிட்டது. டர்பனில் மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பழியில் கணிசமான பங்கு கருவி விளக்கங்களை எழுதுவோரையே சேரும் என்று கருதுகிறேன்.

மாதிரி தானாக எதையும் கிளிக் செய்வதில்லை. பக்கத்தைத் திறப்பது, கட்டத்தில் எழுதுவது, படிவத்தை அனுப்புவது என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கருவி அதனிடம் தரப்படுகிறது. அக்கருவியின் பெயர், சில வரி விளக்கம், நிரப்ப வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவை மட்டுமே அதற்குத் தெரியும். பின்னால் ஓடும் நிரலை அது பொதுவாகப் பார்ப்பதில்லை. விளக்கத்தில் விடுபட்டதை அது ஊகித்துத்தான் நிரப்பும். அப்படியிருந்தும், வேலையெல்லாம் முடிந்த பிறகு, ‘படிவத்தைச் சமர்ப்பிக்கும்’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டு எழுந்துபோகிற வழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக உண்டு.

ஏஜென்டுகள் உலாவியை இயக்குவதற்கான கருவிகளின் தொகுப்பாக மைக்ரோசாஃப்ட் 2025இல் வெளியிட்ட பிளேரைட் எம்சிபி இதற்கு நல்ல மாறுபாடு. பக்கத்திலுள்ள பொத்தான்களையும் கட்டங்களையும் அடையாளக் குறியோடு எழுத்து வடிவில் தரும் கருவி ஒன்றும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கருவி ஒன்றும் அதில் உள்ளன. இரண்டும் மேலோட்டமாக ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றுவதால் மாதிரி குழம்ப இடமுண்டு. ஆகவே, ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் செயல் எதுவும் செய்ய முடியாது, அதற்கு மற்றக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஸ்கிரீன்ஷாட் கருவியின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எப்போது எடுக்கக் கூடாது, அப்போது எதை நாட வேண்டும் என்று சொல்லும் இத்தகைய வாக்கியம், கருவியின் பெருமையை விரித்துரைக்கும் ஒரு பத்தியைவிடப் பயனுடையது.

எங்கள் நாட்டுப் படிவங்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுணுக்கமாகிறது. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம் கொண்டது. முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பவை. எனவே 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். கருவியின் பட்டியலில் இதை ‘எண்’ வகை என்று குறித்துவிட்டால் முன்னிற்கும் பூஜ்யம் உதிர்ந்துபோய், கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் வயதிலுள்ள பிள்ளைகளே மாட்டிக்கொள்வார்கள். 1980களில் பிறந்த ஒருவரின் எண்ணை வைத்துச் சோதித்தவருக்கோ எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ‘13 இலக்கங்களும் எழுத்துச் சரமாக, முதல் பூஜ்யத்தை நீக்காதே, இடைவெளி விடாதே’ என்று எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். தொகைக்கும் இப்படியே: தசமத்துக்குக் காற்புள்ளி இடுவது இங்கே அதிகாரபூர்வ முறை, ஆனால் புள்ளி இடுவோர் ஏராளம், படிவம் எதை ஏற்கும் என்பதை விளக்கமே சொல்லிவிட வேண்டும். குடும்பப்பெயரையும் விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் சென்னைப் பிள்ளை பெரும்பாலும் ‘ஐ’யில் முடிவார், டர்பன் பிள்ளை ‘ஒய்’யில் முடிவார், அடையாள அட்டையில் உள்ளதைத் திருத்தாதே என்று சொல்லாவிட்டால், மாதிரி நல்ல எண்ணத்தோடு திருத்திவைக்கும்.

கருவி திரும்பத் தரும் பதிலையும் பலர் விளக்குவதில்லை. ‘சரி’ என்று வந்தால் பொத்தான் அழுந்தியது என்று மட்டும் பொருளா, விண்ணப்பம் ஏற்கப்பட்டு ஒப்புகை எண்ணும் வந்துவிட்டது என்று பொருளா? இது தெரியாத ஏஜென்ட் மறுபடியும் அழுத்தும். கட்டணப் பக்கமாயின் பணம் இருமுறை போகக்கூடும். ‘இச்செயலைத் திரும்பப் பெற முடியாது, ஒப்புகை எண் வராவிட்டால் மறுபடி அனுப்பாமல் பயனரிடம் தெரிவி’ என்ற வரி அங்கே கட்டாயம் வேண்டும். அந்த வரியே காவலாகிவிடாது என்பதும் உண்மைதான். பணம் போகுமுன் பயனரின் ஒப்புதலைப் பெறும் தடையை நிரலிலேயே வைக்க வேண்டும்.

விளக்கம் நீண்டால் ஒவ்வொரு முறையும் மாதிரி அதைப் படிக்க வேண்டியிருக்கிறது, செலவு கூடுகிறது என்பார்கள். நியாயமான கவலையே. ஆனால் குறைக்க வேண்டியது ஒன்றையொன்று ஒத்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கையை. இருக்கும் கருவிகளுக்கு மூன்று நான்கு வாக்கியமாவது ஒதுக்குவதே சிக்கனம்.

இந்த வாக்கியங்களை நிரலாளர் தனியே எழுத வேண்டியதில்லை. டர்பனில் நம்மவர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் முதியோருக்குப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலர்களுக்கு, எந்தக் கட்டத்தில் எது மறுக்கப்படும் என்பது மனப்பாடம். அவர்களில் ஒருவரை அருகே உட்காரவைத்து வரைவைப் படித்துக் காட்டும்படி, இத்தகைய ஏஜென்டுகளை உருவாக்கும் நம்மவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளரான ஒரு வாசகர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.