தலையில் அடிபட்ட தம்பிகள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இங்கே சிங்கப்பூரில் வேலையிடத்தில் நம் அறைத் தம்பி தலையில் சாரத்திலிருந்து ஒரு கிளாம்ப் (குழாய்களைப் பிணைக்கும் இரும்புப் பிடி) விழுந்தது. ஹெல்மெட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, தலைசுற்றல். “ரூமில் வழுக்கி விழுந்தேன்னு டாக்டரிடம் சொல்லு” என்றாராம் சூப்பர்வைசர்.

அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள். டாக்டர் முதலில் எழுதுவதைத்தான் பிறகு எல்லாரும் பார்ப்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன விழுந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள்.

சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால் வந்த காயமா என்பதுதான் கேள்வி. விபத்து நடந்து 1 வருடத்துக்குள் இழப்பீடு கோர வேண்டும். சாதாரண எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) என்றால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரியில் இருந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து 1 வருடம் வரை. கணக்கில் ஓவர்டைமும் சேரும், அதனால் சம்பளச் சீட்டு பத்திரம்.

வேலை பர்மிட்டை ரத்து செய்தாலும் கோரிக்கை செத்துப்போகாது. கம்பெனி விபத்தை அறிவிக்காவிட்டால் நீங்களே மனிதவள அமைச்சிடம் சொல்லலாம்.

தலைக்காயத்தில் மறதி, எரிச்சல், தூக்கமின்மை பல நேரம் பிறகுதான் தலைகாட்டும். நிரந்தரப் பாதிப்பை டாக்டர் சதவீதமாக மதிப்பிடுவார், அதனால் இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லுங்கள். “பரவாயில்லை டாக்டர்” என்பது நம் ஊர்ப் பழக்கம், இங்கே வேண்டாம்.

அந்த ஹெல்மெட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். விழுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தால் தனியாக எனக்குச் செய்தி போடுங்கள், குழுவில் வேண்டாம்.