மூன்று பேரும் சேர்ந்தே போங்கள்

அன்புள்ள பாப்பா,

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் சில குடும்பங்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்துவரும் ஃபேமிலி அடாப்ஷனில் உனக்குக் கிடைத்த குடும்பங்களைப் பற்றி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அந்தத் தாத்தா வீட்டுக்கு நீங்கள் ஒரு நாள் போகிறீர்கள், நர்சிங் பிள்ளைகள் வேறொரு நாள், பிசியோதெரபி பிள்ளைகள் இன்னொரு நாள், எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்டு அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதே இல்லை. அந்த மருமகள்தான் பாவம், ஒவ்வொரு தடவையும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பதில் சொல்கிறாள்.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போனவள் என்பதால் சொல்கிறேன், படுக்கையில் இருப்பவரை ஒரே ஆளால் முழுசாகப் பார்த்துவிட முடியாது. தாத்தா காலையில் சோர்ந்து கிடக்கிறார், பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்று பிசியோ மாணவி எழுதுவாள். விழுங்கச் சிரமப்பட்டு அரை இட்லியோடு நிறுத்திவிடுகிறார் என்பது நர்சிங் மாணவிக்குத் தெரியும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை அதே அளவில் போய்க்கொண்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசினால்தானே சர்க்கரை இறங்குகிறதோ என்ற சந்தேகமே வரும்! அதேபோல, தூக்கி உட்கார வைக்கும்போது விளங்காத கையைப் பிடித்து இழுத்தால் தோள் கெட்டுப்போகும் என்பதை பிசியோ மாணவி உனக்கும் மருமகளுக்கும் செய்தே காட்டட்டும். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க நர்சிங் மாணவியிடம் நீ கற்றுக்கொள், அதில் கௌரவம் பார்க்காதே.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்களே, அதில் சுகாதாரத் தன்னார்வலர், நோய் ஆதரவுச் சிகிச்சை செவிலியர், இயன்முறை மருத்துவர் எல்லாரும் வீட்டுக்கே போகிறார்கள். நாளைக்கு நீ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவராகப் போனால் இவர்களோடுதான் வேலை. படிக்கும்போது ஒன்றாக உட்காராதவர்கள் வேலையில் சேர்ந்ததும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010லேயே சொல்லிவிட்டது. கோழிக்கோட்டில் 1993ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையும் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போய்த்தான் வளர்ந்தது, அதையும் தேடிப் படி.

அப்புறம், போவதற்கு முன்னால் அஞ்சு நிமிஷம் நின்று யார் எதைப் பார்ப்பது, யார் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டிலைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் தாத்தா மிரண்டுபோவார். வெளியே வந்ததும் பார்த்ததைப் பேசி ஒரே தாளில் எழுதுங்கள். மருமகள் சொன்னதையும் அதில் சேருங்கள், ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருப்பது அவள்தான்.

கம்யூனிட்டி மெடிசின் மேடத்திடம் மூன்று பேட்ச்சுக்கும் ஒரே நாள் போஸ்டிங் கேட்டுப் பார். டைம்டேபிள் ஒத்துவராது என்றால், அந்த ஒரு வீட்டுக்காவது சேர்ந்து போக அனுமதி வாங்கு. மேடம் என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா