மறதி இல்லன்னா மூளை நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வயசானவங்க மறதி பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எங்க வீட்டுப் பிரச்சனை அதுல இல்லையே.

எங்க மாமனாருக்கு 69 வயசு, லாரி ஓட்டுன காலத்துல இருந்து தினமும் குவாட்டர். மறதின்னு சொல்லவே முடியாது, 1984ல எந்த ஊருக்கு என்ன லோடு அடிச்சாருன்னு இப்பவும் சொல்வாரு. ஆனா அடுப்புல பால் பொங்கி வழியுறத பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருப்பாரு, அணைக்கத் தோணாது, எழவு வீட்டுல போய் ஜோக் சொல்லி சிரிப்பாரு, கேட்டா கோவம் வேற. சொந்தக்காரங்க திமிருன்னாங்க, நானும் அப்படி நெனச்சு சண்டை போட்டவதான்.

முதல்ல பாத்த டாக்டர் தேதி, கிழமை, நூறுல ஏழு கழிங்கன்னு கேட்டாரு, எல்லாம் கரெக்ட், மூளை ஓகேன்னு அனுப்பிட்டாரு. அடுத்து பாத்த மனநல டாக்டர்தான், ஒரு நிமிஷத்துல 'ப'வுல ஆரம்பிக்கிற வார்த்தையா சொல்லுங்கன்னாரு. பல்லு, பழம், படி, மறுபடி பழம், இன்னொரு பழம், அப்புறம் வாழைப்பழம்! கைய முஷ்டியா, பக்கவாட்டுல கத்தி மாதிரி, அப்புறம் உள்ளங்கையா மாத்தி மாத்தி மேஜைல வைக்கச் சொன்னா ரெண்டாவது தடவையே குழம்பிட்டாரு. இந்த மாதிரி மொத்தம் ஆறு சின்ன டெஸ்ட்டாம், 18 மார்க்குக்கு, பத்து நிமிஷம் போதும், 2000லயே பிரான்ஸ்ல உருவாக்கிட்டாங்க. நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைதான் திட்டம் போடும், வாய அடக்கும், ஒரு வேலைய விட்டு அடுத்ததுக்கு மாறும், பல வருஷக் குடி அதத்தான் ரொம்பத் தாக்குதுன்னு டாக்டர் சொன்னாரு.

"அதே குவாட்டர்தானே"ன்னு மாமா வாதாடுவாரு, ஆனா வயசாக ஆக உடம்புல நீர்ச்சத்து குறையுறதால, அதே அளவு குடிச்சாலும் ரத்தத்துல கூடுதலா ஏறுமாம். சரியா சாப்புடாம குடிச்சா பி1 விட்டமினும் போயிரும், அதுக்கு ஊசி போட்டாங்க. ஒண்ணு சொல்லணும், வீட்டுலயே திடீர்னு நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரலாம், டாக்டர் பார்வைல தான் நிறுத்தணும்.

குடிக்கிறவருன்னு தெரிஞ்சா இந்த பத்து நிமிஷ டெஸ்ட்டையும் எல்லா ஓபிலயும் பண்ணலாமே, அத உங்க பேப்பர்ல எழுதுங்க. நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு, கோவம் அப்படியேதான் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை பேத்தி 'ப' கேட்டா, பதினொண்ணு சொன்னாரு, பழம் ஒரே ஒரு தடவைதான்.

ஒரு மருமகள், நாமக்கல்